பார்க்கின்சனா, அதன் சாயலில் வேறொன்றா? ஸ்கேன்களும் அறிவாற்றல் தேர்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் இறுகி, நடை குறுகி, அசைவுகள் மெதுவாகிவிட்ட ஒருவருக்குப் பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை தொடங்கியிருப்பார்கள். ஓராண்டு கழித்து, "இது வேறு மாதிரி இருக்கிறதே" என்று மருத்துவர் யோசிக்க ஆரம்பிப்பார். அதன் பிறகு ஒரு ஸ்கேன், இன்னொரு ஸ்கேன், கடிகாரம் வரையச் சொல்லும் ஒரு தேர்வு என்று அலைச்சல் தொடங்கும். அந்தக் கட்டத்தில் நிற்கும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பார்க்கின்சனோடு குழப்பிக்கொள்ளப்படும் நோய்கள் எவை?

முக்கியமாக நான்கு. பி.எஸ்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி, கண்களை மேலும் கீழும் அசைக்கும் திறனையும் உடலின் சமநிலையையும் முதலில் தாக்கும். எம்.எஸ்.ஏ. எனப்படும் மல்டிப்பிள் சிஸ்டம் அட்ரோஃபி, அசைவோடு சேர்த்து ரத்த அழுத்தம், சிறுநீர்க் கட்டுப்பாடு, சிறுமூளை என்று பலவற்றையும் கெடுக்கும். கார்ட்டிகோபேசல் சிண்ட்ரோம் பெரும்பாலும் ஒரு கையில் தொடங்கி ஒரு பக்கத்தையே பிடித்துக்கொள்ளும். லூயி பாடி டிமென்ஷியாவில் நடையும் தளரும், அறிவும் தடுமாறும், இல்லாத ஆட்கள் அறையில் உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

உள்ளே நடப்பது வேறு வேறு. பார்க்கின்சன், லூயி பாடி, எம்.எஸ்.ஏ. மூன்றிலும் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து செல்களில் தேங்குகிறது. பி.எஸ்.பி.யில் தேங்குவது டாவ் என்ற வேறு புரதம். ஆனால் எல்லாமே அசைவுகளுக்கு வேண்டிய டோபமின் என்ற மூளை வேதிப்பொருளின் பாதையைச் சிதைப்பதால் வெளியே தெரியும் முகம் ஒன்றாக இருக்கிறது. அண்ணன் தம்பி ஜாடை என்பார்களே, அதுபோல. அப்பா மட்டும் வேறு.

எதற்கும் குணப்படுத்தும் மருந்து இல்லை. பிறகு பெயரைத் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் மாறினால் அன்றாடமே மாறுகிறது. லூயி பாடி டிமென்ஷியா உள்ளவருக்கு உருவெளித் தோற்றங்கள் வருகின்றன என்று ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிட்டால், உடல் கட்டைபோல விறைத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். எம்.எஸ்.ஏ. உள்ளவர் எழுந்து நின்றதும் மயங்கி விழுவதற்கு ரத்த அழுத்தம் சரிவதே காரணமாக இருக்கலாம். அதைத் தெரியாமல் பார்க்கின்சன் மாத்திரையின் அளவைக் கூட்டினால் அழுத்தம் இன்னும் இறங்கும். பி.எஸ்.பி. என்று தெரிந்தால் விழாமல் காப்பதற்கும் விழுங்கும்போது புரையேறாமல் பார்ப்பதற்கும் முதல் நாளிலிருந்தே ஏற்பாடு செய்யலாம். மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை பார்க்கின்சனில் பலருக்குக் கைகொடுக்கிறது, பி.எஸ்.பி.யிலும் எம்.எஸ்.ஏ.விலும் அது பயன் தருவதில்லை.

அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

பல நேரம் தெரியும், எப்போதும் தெரியாது. பார்க்கின்சன் என்று உயிரோடிருக்கும்போது முடிவுகட்டப்பட்ட 100 பேரின் மூளைகளை இறப்புக்குப் பின் ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1992-இல் வெளியானது. உண்மையில் பார்க்கின்சன் இருந்தது 76 பேருக்குத்தான். பிற்காலத்தில் கணிப்பு மேம்பட்டது. ஆனாலும் நோயின் முதல் ஓரிரு ஆண்டுகளில் தடுமாற்றம் இன்றும் இருக்கிறது.

இருந்தாலும் ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே பாதிக் கதை வெளிவந்துவிடும் என்பது என் எண்ணம். எப்போது விழ ஆரம்பித்தார்? பார்க்கின்சனில் விழுதல் பொதுவாகப் பல ஆண்டுகள் கழித்து வரும், பி.எஸ்.பி.யில் முதல் மூன்று ஆண்டுகளுக்குள், அதுவும் பின்பக்கமாக. தட்டில் இருக்கும் உணவைக் குனிந்து பார்க்க முடியாமல் சட்டையில் சிந்திக்கொள்கிறாரா? படியிறங்கும்போது கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் தவிக்கிறாரா? வீட்டார் இதற்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டிருப்பார்கள். கோளாறு கண்ணில் இல்லை, கண்ணைக் கீழே இறக்கும் நடுமூளையில் இருக்கிறது. பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரைக்கு நல்ல, நீடித்த பலன் கிடைத்ததா? வாசனை உணர்வு மங்கியதா? பார்க்கின்சனிலும் லூயி பாடியிலும் மூக்கு பெரும்பாலும் முன்பே மந்தமாகிவிடும், பி.எஸ்.பி.யில் அவ்வளவாக மங்காது. காசு செலவில்லாத சோதனை, கேட்கத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம், வேறு குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று வந்தது. நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பார்க்கின்சனில் வழக்கமான எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ஆகவே இயல்பான படம் பார்க்கின்சனுக்கு எதிரான சான்று அல்ல. சொல்லப்போனால் சற்று ஆதரவான சான்று.

முதல் எம்.ஆர்.ஐ.யின் வேலை, வேறு காரணங்களைத் தள்ளுவது. சிறு சிறு பக்கவாதங்கள் சேர்ந்து கால்களை மட்டும் இறுக்கியிருக்கலாம். மூளைக்குள் நீர்கோத்து அறைகள் விரிந்து, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போன்ற நடை, சிறுநீர் அவசரம், மந்தமான யோசனை மூன்றும் வந்திருக்கலாம். இது சிலருக்கு நீரை வடித்துவிடும் குழாய் பொருத்துவதால் சீராகக்கூடிய நிலை. கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு. மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு, கட்டி ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

இன்னொன்று: ஸ்கேனுக்கு அனுப்பும் சீட்டில் 'தலைச் சுற்றல்' என்று மட்டும் எழுதியிருந்தால், படம் பார்ப்பவர் அதைத்தான் தேடுவார். 'பி.எஸ்.பி.யா எம்.எஸ்.ஏ.வா என்ற ஐயம். நடுமூளையை அளக்கவும்' என்று எழுதியனுப்பினால் அதே படத்திலிருந்து வேறு அறிக்கை வரும். பழைய படத்தை இன்னொருவரிடம் மறுபடி பார்க்கச் சொல்வதில் தவறே இல்லை.

நடுமூளையில் அப்படி என்ன தெரியும்?

தலையை நேர் நடுவில் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டில் பார்ப்பது போன்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைத்தண்டின் மேல்பகுதி நடுமூளை. அதற்குக் கீழே வயிறு போலப் புடைத்திருப்பது பான்ஸ். நலமாக உள்ளவருக்கு நடுமூளையின் மேல்விளிம்பு மெல்லிய மேடாக வளைந்திருக்கும். பி.எஸ்.பி.யில் அந்த மேடு தட்டையாகி, பிறகு குழிந்துபோகும். பான்ஸ் அப்படியே இருக்க, நடுமூளை மட்டும் மெலிந்து நீளமான அலகோடு கூடிய சிறிய தலையாகிவிடும். உடல் பெருத்து, தலை சிறுத்து, அலகு நீண்ட ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) உட்கார்ந்திருப்பது போல இருப்பதால் அந்தப் பறவையின் பெயரையே இந்த அடையாளத்துக்கு வைத்துவிட்டார்கள். சிலர் பென்குவின் என்பார்கள். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பாமல் அளந்தும் பார்க்கலாம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நடுவெட்டுப் படத்தில் நடுமூளையின் சராசரிப் பரப்பு பி.எஸ்.பி. உள்ளவர்களிடம் 56 சதுர மில்லிமீட்டர். பார்க்கின்சன் உள்ளவர்களிடம் 103. நலமானவர்களிடம் ஏறத்தாழ 118. சரிபாதிக்கும் குறைவு! 2008 முதல் இன்னொரு கணக்கும் புழக்கத்தில் இருக்கிறது. பான்ஸின் பரப்பை நடுமூளையின் பரப்பால் வகுத்து, மூளைத்தண்டைச் சிறுமூளையோடு இணைக்கும் நடுத் தண்டின் அகலத்தை மேல் தண்டின் அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்குவார்கள். பி.எஸ்.பி.யில் இந்த எண் உயரும். எம்.எஸ்.ஏ.வில் மெலிவது பான்ஸும் நடுத் தண்டும் என்பதால் எண் இறங்கும்.

ஆனால் நோயின் தொடக்கத்தில் பறவை இன்னும் உருவாகியிருக்காது. முதல் ஆண்டில் அடையாளம் இல்லை என்பதற்காக பி.எஸ்.பி. இல்லை என்று சொல்லிவிட முடியாது.

எம்.எஸ்.ஏ.வுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டா?

உண்டு. பான்ஸைக் குறுக்காக வெட்டிப் பார்க்கும் படத்தில் வெள்ளையாக ஒரு சிலுவைக் குறி தெரியும். மேலே சிலுவை கீறிய பன் ரொட்டி போலிருப்பதால் 'ஹாட் கிராஸ் பன்' அடையாளம் என்று பெயர். பான்ஸுக்குக் குறுக்கே ஓடும் நரம்பிழைகள் அழிய, மேலிருந்து கீழே இறங்கும் இழைகள் தப்பிவிடுவதால் இந்தக் கோலம் உருவாகிறது. சிறுமூளை சுருங்குவதும், புட்டமென் என்ற ஆழ்மூளைக் கரு மெலிந்து அதன் வெளியோரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதும் மற்ற தடயங்கள். இவற்றில் எதுவும் எம்.எஸ்.ஏ.வுக்கு மட்டுமே உரியது அல்ல. சிலுவைக் குறி சில பரம்பரைச் சிறுமூளை நோய்களிலும் வரும். காந்தப்புலம் கூடிய 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியில் நலமானவர்களுக்கே புட்டமென் ஓரத்தில் கோடு தெரிவதுண்டு.

இந்த நோயில் ஸ்கேனை விடப் படுக்கையருகே செய்யும் ஒரு சோதனைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் பாருங்கள். நிற்கவைத்து மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அது பொருட்படுத்த வேண்டிய சரிவு. பார்க்கின்சனிலும் இது வரலாம். ஆனால் நோயின் தொடக்கத்திலேயே கடுமையாக வந்தால் எம்.எஸ்.ஏ.வை நினைக்க வேண்டும்.

டாட் ஸ்கேன் எடுத்தால் எந்த நோய் என்று உறுதியாகிவிடுமா?

ஆகாது. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஸ்கேன் இதுதான். டோபமின் செல்களின் முனைகளில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது எங்கே ஒளிர்கிறது என்று பார்க்கிறார்கள். ஐரோப்பாவில் 2000-லும் அமெரிக்காவில் 2011-லும் ஐயோஃப்ளூபேன் என்ற மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. டெக்னீஷியம் கலந்த ட்ரோடாட் என்ற மாற்றும் உண்டு. நலமானவரின் படத்தில் இரு பக்கமும் காற்புள்ளி போல இரண்டு ஒளிக்கீற்றுகள் தெரியும். டோபமின் முனைகள் அழிந்தவரிடம் வால் தேய்ந்து முற்றுப்புள்ளி மட்டும் மிஞ்சும்.

டோபமின் முனைகள் பார்க்கின்சனிலும் அழிகின்றன, பி.எஸ்.பி.யிலும் அழிகின்றன, எம்.எஸ்.ஏ.விலும் லூயி பாடியிலும் அழிகின்றன. எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளிதான். எனவே இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க டாட் ஸ்கேன் உதவாது. அது பதில் சொல்லக்கூடிய கேள்விகள் வேறு. இது வெறும் பரம்பரை நடுக்கமா? வாந்திக்கோ மனநோய்க்கோ எடுத்த மெட்டோகுளோப்ரமைட், ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் வந்த விறைப்பா? அப்படியானால் காற்புள்ளி அப்படியே இருக்கும். இது அல்சைமரா, லூயி பாடியா என்ற கேள்விக்கும் அது நல்ல உதவி.

பெட் ஸ்கேன்? நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களே, அது எதற்கு?

குளுக்கோஸ் பெட் ஸ்கேனில் மூளையின் எந்தப் பகுதி பசியோடு இருக்கிறது, எது சோர்ந்துவிட்டது என்று தெரியும். எம்.எஸ்.ஏ.வில் புட்டமெனும் சிறுமூளையும், பி.எஸ்.பி.யில் நடுமூளையும் முன்மூளையின் உட்புறமும், கார்ட்டிகோபேசல் சிண்ட்ரோமில் ஒரு பக்கத்து மேற்பரப்பும் மங்கும். லூயி பாடியில் பார்வைக்கான பின்மூளை மங்கும். அதற்கு முன்னே சிங்குலேட் என்ற பட்டையின் பின்பகுதி மட்டும் கடல் நடுவே தீவு போல ஒளிரும். நடைமுறையில் இந்த நோய்களைத் தம்முள் பிரிக்க டாட் ஸ்கேனை விட இதுவே கூடுதல் பயன் தருகிறது.

நெஞ்சு ஸ்கேன் என்பது எம்.ஐ.பி.ஜி. பார்க்கின்சனிலும் லூயி பாடியிலும் இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்பு முனைகளும் அழிந்துவிடுவதால் இதயம் படத்தில் காணாமலே போய்விடும். எம்.எஸ்.ஏ.விலும் பி.எஸ்.பி.யிலும் பெரும்பாலும் தெரியும். மூளை நோய்க்கு இதயத்தைப் படமெடுப்பது வேடிக்கையாகத் தோன்றினாலும் தர்க்கம் சரியானது. சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்களுக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் மட்டும் முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

நினைவுத் தேர்வில் 30-க்கு 28 வாங்கினார். அப்படியானால் அறிவில் குறையில்லைதானே?

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. 1975 முதல் புழக்கத்தில் உள்ள எம்.எம்.எஸ்.இ. என்ற 30 மதிப்பெண் தேர்வு தேதி, இடம், மூன்று சொற்களின் நினைவு ஆகியவற்றைத்தான் பெரிதும் கேட்கிறது. அது அல்சைமர் மறதிக்கு ஏற்ற தேர்வு. பி.எஸ்.பி.யில் முதலில் கெடுவது மறதி அல்ல. திட்டமிடுதல், தொடங்குதல், நிறுத்துதல். இவற்றை எம்.எம்.எஸ்.இ. தொடுவதே இல்லை. வீட்டில் ஒரு வேலையையும் தானாகத் தொடங்காத மனிதர் அதில் 28 வாங்குவது சாதாரணம்.

2005-இல் வந்த மோக்கா தேர்வு இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. முன்மூளைக்கென்றே 2000-இல் வெளியான எஃப்.ஏ.பி. என்ற 18 மதிப்பெண் தேர்வு ஆறே பணிகளைக் கொண்டது. மூடிய கைமுட்டி, உள்ளங்கையின் ஓரம், உள்ளங்கை என்ற வரிசையில் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பது அவற்றில் ஒன்று. "நான் ஒருமுறை தட்டினால் நீங்கள் இருமுறை தட்டுங்கள்" என்பது மற்றொன்று. பி.எஸ்.பி. உள்ளவர்கள் இவற்றில் திணறுவார்கள்.

மொத்த மதிப்பெண்ணைவிட எங்கே விட்டார் என்பதே பேசும். ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் கழித்துக் கேட்கிறார்கள். ஒருவருக்கு ஒன்றும் வரவில்லை. "ஒரு நிறத்தின் பெயர் இருந்ததே" என்று துப்புக் கொடுத்ததும் சொல்லிவிடுகிறார். சொல் உள்ளே போயிருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. பார்க்கின்சன் வகை நோய்களில் இது வழக்கம். துப்புக் கொடுத்தும் வரவில்லை என்றால் சொல் உள்ளேயே போகவில்லை. அல்சைமரை நினைக்க வேண்டும். இருவருக்கும் அந்தக் கட்டத்தில் சுழியம்தான் விழுகிறது.

ஒரு நிமிடத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். அது எதற்கு?

பி.எஸ்.பி.யைப் பார்க்கின்சனிலிருந்து பிரிப்பதில் இது வியப்பூட்டும் அளவுக்குக் கூர்மையான சோதனை. பார்க்கின்சன் உள்ளவர் மெதுவாக இருந்தாலும் சொல்லிக்கொண்டே போவார். பி.எஸ்.பி. உள்ளவர் நான்கு சொல் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருப்பார். கவலைப்படவும் மாட்டார்.

தமிழில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'ப' என்று சொன்னால் 'பாடம்', 'பிள்ளை', 'பூ' எல்லாம் சேருமா? ஆங்கில எழுத்து வேறு, நம் எழுத்து வேறு. தேர்வு நடத்துபவர் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாவிட்டால், மூளை நோயை அளப்பதாக நினைத்து இலக்கணக் குழப்பத்தை அளந்துகொண்டிருப்பார்.

மூன்று முறை கைதட்டச் சொன்னார். அப்பா நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார். இதிலென்ன இருக்கிறது?

மருத்துவர் மூன்று முறை வேகமாகத் தட்டிக் காட்டுகிறார். "மூன்றே முறை" என்கிறார். அப்பா தலையாட்டுகிறார், புரிந்துகொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று. கைகள் நிற்கவில்லை. நான்கு, ஐந்து, ஆறு. எத்தனை தட்டச் சொன்னேன் என்று கேட்டால் "மூன்று" என்று சரியாகச் சொல்வார். கட்டளை தெரிகிறது, வண்டிக்கு பிரேக் இல்லை. கைதட்டல் அடையாளம் என்று இதற்குப் பெயர். பி.எஸ்.பி.யில் அடிக்கடி காணப்படும், பார்க்கின்சனில் குறைவு. மற்ற டிமென்ஷியாக்களிலும் வருவதால் இதை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. நாற்காலியிலிருந்து ராக்கெட் போலச் சட்டென்று எழுந்து அப்படியே பின்னால் சாய்வதும் இதே பிரேக் கோளாறுதான்.

பார்க்கின்சனில் வரும் டிமென்ஷியாவையும் லூயி பாடி டிமென்ஷியாவையும் எப்படிப் பிரிக்கிறார்கள்?

ஸ்கேன் வைத்து அல்ல, காலண்டர் வைத்து. அசைவுக் கோளாறு தொடங்கி ஓராண்டுக்குள் டிமென்ஷியா வந்தால், அல்லது டிமென்ஷியா முந்திக்கொண்டால், லூயி பாடி. நெடுநாள் பார்க்கின்சனுக்குப் பிறகு வந்தால் பார்க்கின்சன் டிமென்ஷியா. நுண்ணோக்கியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே; எல்லைக் கோடு மனிதர் போட்டது.

அல்சைமரிலிருந்து பிரிப்பதில்தான் தேர்வுகளுக்கு உண்மையான வேலை. ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னால், லூயி பாடி உள்ளவர் நினைவு ஓரளவு நன்றாக இருக்கும்போதே கோடுகளைச் சிதறவிட்டுவிடுவார். இன்று தெளிவு, நாளை குழப்பம் என்று ஏறி இறங்குவதும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால்களை உதைப்பதும் பெரிய தடயங்கள். எம்.ஆர்.ஐ.யில் நினைவுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதி, அல்சைமரோடு ஒப்பிட்டால், பெரிதாகச் சுருங்கியிருக்காது.

ஸ்கேன் ஒன்று சொல்கிறது, தேர்வு வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். முதலில் தேர்வு நியாயமாக நடந்ததா? மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் நடந்ததா, காது கேட்டதா, மனச்சோர்வு இருந்ததா, பள்ளிப் படிப்பு எவ்வளவு? நடுங்கும் கை வரைந்த கோணல் கடிகாரத்துக்கு மூளையின் வரைதிறனைக் குறை சொல்லக் கூடாது. பி.எஸ்.பி. உள்ளவருக்குத் தாளைக் கீழே மேசையில் வைத்தால் கண் இறங்காமல் பாதியை விட்டுவிடுவார். கண் மட்டத்தில் பிடித்துக் காட்ட வேண்டும்.

பிறகும் முரண் தீராவிட்டால், இடைவெளி விட்டு மீண்டும் பார்ப்பதே சிறந்தது. கார்ட்டிகோபேசல் சிண்ட்ரோம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்த நாணயம் எது என்று சொல்ல முடியாது, தலைவாருவது போல நடித்துக் காட்டச் சொன்னால் கை வேறெங்கோ அலையும், எம்.ஆர்.ஐ.யில் எதிர்ப்பக்க மூளை சுருங்கியிருக்கும். தேர்வும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றன, ஆனாலும் அடிப்படை நோய் எது என்று தெரியாது. இறப்புக்குப் பின் பார்த்தால் சிலரிடம் கார்ட்டிகோபேசல் டிஜெனரேஷன், சிலரிடம் பி.எஸ்.பி., கணிசமானோரிடம் அல்சைமர். அதனால்தான் இங்கே அல்சைமரில் தேங்கும் அமிலாய்டு என்ற புரதத்துக்கான பரிசோதனை கேட்கப்படுகிறது.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாதா?

இன்னும் தனியாக முடியாது. நரம்பிழைச் சிதைவைக் காட்டும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. போன்றவற்றில் பார்க்கின்சனை விட அதிகமாக இருக்கிறது. ஆனால் எந்த நோய் என்று சொல்லாது. தண்டுவட நீரில் தவறாக மடிந்த சைனூக்ளினைப் பெருக்கிக் காட்டும் சோதனை பார்க்கின்சனையும் லூயி பாடியையும் நன்றாகப் பிடிக்கிறது.

அடுத்த முறை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

எல்லா ஸ்கேன்களின் படங்களையும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, குறுந்தகடு வேண்டும். கடந்த ஓராண்டில் எடுத்த எல்லா மருந்துகளின் பட்டியலையும், வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் எடுத்தவை உட்பட. முதல் முறை விழுந்த தேதி, தோராயமாகவாவது. கைப்பேசியில் மூன்று சிறு வீடியோக்கள்: வாசலிலிருந்து நடந்து வந்து திரும்புவது, படியிறங்குவது, சாப்பிடுவது. மருத்துவமனையில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பளிச்சென்று பதில் சொல்பவர், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்க்காமலே கரண்டியால் துழாவுவது அந்த மூன்றாவது வீடியோவில்தான் தெரியும்.